விக்கல் வண்டியும் அம்பிகைபாகன் ஐயாவும்

அம்பிகைபாகன் ஐயா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது உட்காருவார் என்று அவர் வீட்டம்மா யோகாம்பாள் சொல்வார். நம்புகிறவர்கள் நம்பலாம். நான் பார்த்த மனிதர் எப்போதும் நடந்துகொண்டே இருந்தார். மில்லுக்கு நடப்பார், பாதியில் நிற்பார், ஏதோ நினைத்துக்கொண்டு பம்பு வீட்டுக்குத் திரும்புவார், அங்கே போய்ச் சேருவதற்குள் மறுபடி மில்லின் ஞாபகம் வந்துவிடும். அவருடன் பேச வேண்டுமென்றால் கூடவே ஓட வேண்டும்.

கோலசிலாங்கூர் பக்கம், ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் ஆறாங்கட்டைச் செம்பனைத் தோட்டத்தில் அவர்தான் சார்ஜ்மேன். மில், பம்பு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து விளக்கு என்று தோட்டத்தில் ஓடுகிற கரண்டைத் தொட லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக இருந்தவர். மில் முழுக்க எண்ணெய் வழியும், இவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் முருகையா, டிராக்டர் ஓட்டுகிறவன். என் சட்டையில் சட்டை எது கறை எது என்று என் பெண்சாதிக்கே தெரியாது.

ஐயாவுக்கு ஒரு சட்டம் உண்டு. வயரை வெட்டக் கூடாது. எந்த வேலையானாலும் மிச்சமிருக்கும் வயரை வட்டமாகச் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி, ஓரமாகச் செருகி வைத்துவிடுவார். அவர் வொர்க்‌ஷாப் சுவர் முழுக்கச் சுருள் சுருளாக முறுக்குக் கடை மாதிரி இருக்கும்.

"வெட்டினால் வெட்டினதுதான் முருகையா. நாளைக்கு வேறை இடத்திலை தேவைப்பட்டால் ஆர் ஒட்டுறது?" என்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் தோட்டத்தில் எந்த வேலையை எப்போது நிறுத்தச் சொல்வார்கள், எந்தச் சாமானை எப்போது திருப்பிக் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எதைப் பொருத்தினாலும் கழற்றித் திருப்பிக் கொடுக்கிற மாதிரியே பொருத்தி அவருக்குப் பழகிவிட்டது. எனக்கு அது கஞ்சத்தனமாகத்தான் தெரிந்தது. முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார், நடப்பார்.

எண்பத்தாறில் செம்பனை விலை விழுந்தது. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. முதலில் அடி வாங்கியது என் பக்கத்து வீட்டு லெட்சுமி.

லெட்சுமியின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தன. அவள் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் டிரெய்லரின் பின்கதவு கழன்று அவள் இடது காலில் விழுந்தது. கால் பிழைத்தது, ஆனால் குந்த முடியாது, அழுத்தி ஊன்ற முடியாது. குந்த முடியாதவளுக்குப் பழக்காட்டில் என்ன வேலை? மானேஜர் துரை கூப்பிட்டு, வருஷக் கடைசிக்குள் வேறு வேலை அமையாவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்றார். பெயர் போனால் லயத்து வீடும் போகும், அதுதான் தோட்டத்து நடைமுறை. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அன்றைக்கே சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மூட்டை கட்டக் கயிறு கேட்டு வொர்க்‌ஷாப்புக்குத்தான் போனாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். ஐயா நைலான் கயிறு எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார் பாருங்கள், எனக்குக் கேட்டதும் ரத்தம் கொதித்தது.

"கயித்தை வெட்டிப்போடாதையும் பிள்ளை. முடிச்சை அவிழ்த்து முழுசாகத் திருப்பித் தாரும்."

"வீடே போவுது, ஒங்களுக்குக் கயிறுதான் பெருசாப் போச்சா?" என்று கத்தினேன். லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். ஐயா கொஞ்ச நேரம் அவள் நொண்டி நடப்பதையே பார்த்தார். பிறகு, "இடது கால்தானே?" என்று கேட்டார்.

"ஆமா, அதுக்கென்ன?"

"கிளச் இல்லாத வண்டி எண்டால் ஓட்டலாம்," என்று சொல்லிவிட்டு மில்லைப் பார்த்து நடந்துவிட்டார்.

அதற்கு முன் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். டீசல் செலவைப் பாதியாக்க ஒரு வழி இருக்கிறதா என்று துரை நம் ஐயாவிடம் கேட்டிருந்தார். கிள்ளானில் மூடிய ஏதோ தொழிற்சாலையிலிருந்து பேட்டரியில் ஓடும் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றும் வந்திருந்தது. ஐயா அதன் மோட்டாரைக் கழற்றிப் பழம் ஏற்றும் தள்ளுவண்டிச் சட்டத்தில் பொருத்தினார். முன்னால் ஒரு சின்ன டீசல் எஞ்சின், அதோடு ஒரு டைனமோ. எஞ்சின் ஒரே நிதானத்தில் ஓடிக் கரண்டு கொடுக்கும், மிச்சத்தைப் பேட்டரி தாங்கும். இரண்டிலிருந்தும் வரும் கரண்டு ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகும். அதற்குப் பெயர் கன்வெர்ட்டர். வருகிற கரண்டை நறுக்கி நறுக்கி மோட்டாருக்கு வேண்டிய அளவில் கொடுப்பது அதன் வேலை. பாதி எண்ணெய், பாதி மின்சாரம். கிளச் கிடையாது, கியர் கிடையாது, வலது காலுக்கு ஒரு மிதி மட்டும்.

லெட்சுமியே ஓட்டிப் பார்க்கட்டும் என்று ஐயா துரையிடம் கேட்டு அனுமதி வாங்கினார். மேலிடத்திலிருந்து தோட்டத்தைச் சோதிக்க வரும் வி.ஏ. துரை வருஷக் கடைசியில் வருவார். அவர் பார்த்துச் சரியென்றால் வண்டி நிற்கும், லெட்சுமியின் வேலையும் வீடும் நிற்கும். இல்லையென்றால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், அவள் தெருவுக்குப் போவாள்.

அவளுக்காகவே ஐயா பெட்டிக்குள் ஒரு வேலை செய்தார். மேடானாலும் பள்ளமானாலும் வேகம் மாறாமல், மோட்டாருக்கு வேண்டிய சக்தியை அது எப்படியாவது கொடுத்துவிட வேண்டும். அவள் காலை அழுத்தி அழுத்திச் சரிபார்க்க வேண்டியதில்லை. நல்ல எண்ணம்தான். வினையும் அங்கேதான் இருந்தது.

வெறும் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பழத்தை ஏற்றிக்கொண்டு மில் மேட்டில் ஏறியதும் விக்க ஆரம்பித்தது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு, மறுபடி நிறுத்தம். பெட்டிக்குள் வண்டு போல ஓர் உறுமல். லெட்சுமியின் தலை முன்னும் பின்னும் ஆடியது, பழக்குலைகள் பின்னால் உருண்டன. பின்னால் வருகிறவன் ஒதுங்கிக்கொள்ளாவிட்டால் அவன் கதை முடிந்தது. லயத்துப் பிள்ளைகள் அதற்கு விக்கல் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நின்றுபோன வண்டியை இழுத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் டிராக்டரோடு மேட்டடியில் காத்திருப்பேன், தினமும் இழுப்பேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித்தான் இழுப்பேன். லெட்சுமி காதில் வாங்காதவள் போல உட்கார்ந்திருப்பாள். ஐயா வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"என்னதான் ஐயா கோளாறு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"லயத்துப் பைப்பிலை காலமை தண்ணி பிடிக்கிறது பாத்திருக்கிறீரே?" என்றார், நடந்துகொண்டே. "தண்ணி குறைஞ்சால் சனம் என்ன செய்யும்?"

"இன்னும் கொஞ்சம் தெறந்து வுடும்."

"எல்லாரும் திறந்தால்?"

"இன்னும் கொறையும்."

"அதேதான் இந்தப் பெட்டி. வோல்ட் குறையுது எண்டால் குறைஞ்சதை ஈடுகட்டக் கரண்டைக் கூட இழுக்கும். கூட இழுத்தால் வோல்ட் இன்னும் விழும். விழ விழ இழுக்கும். ஒரு கட்டத்திலை தாங்காமல் பெட்டி தானே வாயை மூடும். மூடினதும் வோல்ட் ஏறும், திரும்பத் திறக்கும். அதுதான் விக்கல். பேட்டரிக்கும் பெட்டிக்கும் இடையிலை ஏதோ ஒண்டு கரண்டைச் சட்டெண்டு வரவிடாமல் பிடிச்சு வைச்சிருக்கு. எது எண்டுதான் பிடிபடேல்லை."

எனக்குப் பாதி விளங்கியது. நாலு பேர் சண்டை போடாத பைப்படியை நான் பார்த்ததே இல்லை என்பதால் அந்தப் பாதி நன்றாகவே விளங்கியது.

முதலில் பேட்டரி மேல் சந்தேகம். பேட்டரிகள் சுங்கை பெசாரில் மீரா சாகிபு கடையில் வாங்கியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். கூட வந்த எனக்குத்தான் கால் வலித்தது. மீரா சாகிபு தேத்தண்ணி வரவழைத்தார். ஐயா அதைத் தொடவில்லை.

"பழைய பேட்டரியைப் பெயிண்ட் அடிச்சுத் தந்திட்டீரோ எண்டு கேக்க வந்தனான்."

மீரா சாகிபு கோபப்படவில்லை. "நானா ஏமாத்துற ஆளு? இருபது வருசமா இங்க கடை வெச்சிருக்கேன். நாளைக்கு லோரி அந்தப் பக்கம்தான் வருது, நானே வந்து பார்க்குறேன்," என்றார். சொன்னபடி வந்தார். ஒவ்வொரு பேட்டரியாகத் திறந்து, திராவகத்தை உறிஞ்சி, அளவு கருவியை ஐயாவின் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். எல்லாம் முதல் தரம். ஐயா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அது பெரிய அவமானம். ஆனால் அவமானப்படக்கூட நிற்க நேரமில்லை, அடுத்த சந்தேகத்துக்கு ஓடிவிட்டார்.

மோட்டாருக்குள் உரசும் கரித்துண்டை மாற்றினார். சுவிட்சைப் பிரித்துச் சேர்த்தார். இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் பாசிட்டிவ் வயரை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை. சந்தேகப்பட என்ன இருக்கிறது? மில் பம்புக்கென்று வந்த புத்தம் புது வயர், கட்டைவிரல் பருமன். தேவைக்குப் பல மடங்கு நீளம் என்பதால் மிச்சத்தை இறுக்கமாகச் சுருட்டி, லெட்சுமி உட்காரும் பலகைக்குக் கீழே, சட்டத்தின் இரும்புக் கொக்கியில் அழகாக மாட்டியிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

நாள் நெருங்க நெருங்க மனிதர் இளைத்துவிட்டார். லெட்சுமியின் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார், பம்பு வீட்டுக்குச் சுற்றுப் பாதையில் போனார். அவள் வீட்டு வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தக் கடுப்பை வண்டியிடம் காட்டினேன், ஐயாவிடம் காட்டினேன், வீட்டில் சோற்றுத் தட்டிடமும் காட்டினேன்.

வி.ஏ. வருவதற்கு முதல் நாள் ஐயா கோலசிலாங்கூருக்குப் போயிருந்தார், மில்லுக்கு ஏதோ சாமான் வாங்க. நான் வழக்கம்போல மேட்டடியில் டிராக்டரோடு நின்றேன். லெட்சுமி வந்தாள். முழுப் பாரம். மேட்டில் ஏறினாள். விக்கல் இல்லை. இறங்கினாள், மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தாள். விக்கல் இல்லை. அன்று முழுக்க வண்டி விக்கவே இல்லை. எனக்கு வேலையே இல்லாமல் போனது. அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன், அவ்வளவு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் கறுத்துவிட்டது.

"ஏன் நல்லா ஓடினது?" என்றார்.

"என்னா ஐயா கேள்வி இது? ஓடிச்சுலா. அது போதாதா?"

"நான் ஒண்டும் செய்யேல்லையே முருகையா. கெட்டுப்போனதுக்குக் காரணம் தெரியாட்டால் தேடலாம். நல்லா வந்ததுக்குக் காரணம் தெரியாட்டால் நாளைக்கு அது நிக்குமோ?"

இந்த மனிதரோடு வாழ்கிற யோகாம்பாள் அம்மாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டியைக் கழுவித் துடைத்தார். பெரிய இடத்து ஆள் வருகிறார், வண்டி சுத்தமாக இருக்க வேண்டாமா? பலகைக்குக் கீழே குனிந்து, பின்னால் போய், இழுத்து, கட்டி, எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணினார். வி.ஏ. துரை காரில் வந்து இறங்கினார், நம் துரை குடை பிடிக்காத குறையாகப் பின்னால் நின்றார். லெட்சுமி பாரத்தோடு மேட்டில் ஏறினாள்.

பாதி மேட்டில் விக்கல் வந்தது. முன்னெப்போதும் இல்லாத விக்கல். வண்டி உதறியது, நின்றது, பின்னால் உருண்டது. அவள் பிரேக்கை மிதித்துப் பிடித்தாள். பழக்குலைகள் சரிந்து ரோட்டில் உருண்டு வி.ஏ. துரையின் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றன. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம் துரை என்னைப் பார்த்து, இழுத்துப் போ என்று கையைக் காட்டினார்.

லெட்சுமி இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

ஐயா அவளிடம் போனார். "பிள்ளை, நேற்று என்ன செய்தனீர்?"

"நான் ஒண்ணும் செய்யலைங்கய்யா."

"பயப்படாதையும். ஏதாவது தொட்டனீரா?"

"இல்லீங்கய்யா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "வீடு போகப் போவுது, இப்ப என்ன பயம்? சொல்லித் தொலை," என்றேன்.

அவள் விசும்பிக்கொண்டே சொன்னாள். "அந்த வயரு சுருட்டு என் கால்ல இடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நோவு தாங்கல. கட்டை அவுத்து, பின்னால பலகை ஓரமா நீட்டிப் போட்டுட்டேன். சாயந்திரம் சுருட்டி வைக்க மறந்துட்டேன். நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல."

ஐயா அசையாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு குனிந்து பலகைக்குக் கீழே பார்த்தார். அவிழ்ந்து கிடந்ததைக் காலையில் பழக்கத்தில் யோசிக்காமல் அவரே சுருட்டி, அவரே இறுக்கி, இரும்புக் கொக்கியில் மாட்டிய வயர்.

"சுருள்," என்றார். "கரண்டைச் சட்டெண்டு ஓடவிடாமல் பிடிச்சு வைக்கிறது சுருள்தானே. படிச்சனானே. இவ்வளவு நாளும் கண்ணுக்கு முன்னாலை வைச்சுக்கொண்டு..."

வி.ஏ. துரை காருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஐயா சத்தமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் அப்படிச் சத்தம் போட்டும் நான் கேட்டதில்லை. வி.ஏ. துரை நின்றார். ஐயா மெயின் சுவிட்சை இறக்கினார், டூல்ஸ் பெட்டியிலிருந்து பெரிய கத்தரியை எடுத்தார். எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காத புதுக் கத்தரி. தாளைக் கிழித்தார். வெட்டினார்.

சுருள் பொத்தென்று தரையில் விழுந்தது. மிச்சமிருந்த முழ நீள வயரை நேராகப் பெட்டியில் முடுக்கினார். நான் பழக்குலைகளைப் பொறுக்கி ஏற்றினேன். "போம் பிள்ளை," என்றார். லெட்சுமி மிதித்தாள். வண்டி மேட்டில் ஏறியது, மில் வாசலில் போய் நின்றது. ஒரு விக்கல் இல்லை.

வி.ஏ. துரை தலையாட்டினார். நம் துரைக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில் அவர் சொன்னதைக் கேளுங்கள். "இவ்வளவு ஈசியா ஓடுதுன்னா நாளையிலேர்ந்து முருகையாவே ஓட்டட்டும். கால் சரியில்லாதவ எதுக்கு?"

லெட்சுமியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஐயா வழக்கம்போல "யெஸ் சார்" என்பார் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

"அப்பிடியெண்டால் இந்த வயரைக் கழட்டிப்போடுறன் சார்," என்றார், கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே. "இது மில் பம்பின்ரை வயர். லெட்சுமியின்ரை வண்டிக்கெண்டு கேட்டு எடுத்தது. வேறை ஆளின்ரை வண்டியெண்டால் திருப்பிக் குடுக்க வேணும்."

துரை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க தொரே," என்றேன். "கிளச் இல்லாத வண்டி எனக்கு ஆகாது. எடது காலுக்கு வேலை இல்லன்னா தூங்கிருவேன். அப்புறம் மில்லுக்குள்ளயே வுட்டுருவேன்."

வி.ஏ. துரை என்ன விஷயம் என்று கேட்டார், ஐயா விளக்கினார். அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெண்ணே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஐயா சுற்றுப் பாதையில் போகவில்லை. லயத்து வழியாக, லெட்சுமி வீட்டு முன்னால் வந்தார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லெட்சுமி மூட்டைகளுக்கு நடுவே, நீட்டிய காலோடு தரையில் இருந்தாள். நைலான் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தாலும் பல்லாலும் நெம்பிக்கொண்டிருந்தாள். விரல் நுனி சிவந்துவிட்டது. பக்கத்திலேயே கத்தி கிடந்தது, அவள் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் எப்போது பானை சட்டி வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றன.

"கயிறு முழுசா வந்துருங்கய்யா," என்றாள் ஐயாவைப் பார்த்ததும். "கொஞ்சம் இறுகிப்போச்சு."

ஐயா வாசற்படியில் உட்கார்ந்தார். வெள்ளைக் காற்சட்டையோடு, அந்தப் புழுதியில், உட்கார்ந்தார். கத்தியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"வெட்டும் பிள்ளை," என்றார். "இனி அது எதுக்கு?"